உள்ளங்காலில் கண் வைத்திருந்தவர்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. வேலை நடக்கிற இடத்தில் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். "பல்லி அண்ணன்" என்று கேட்டால்தான் கையை மேலே காட்டுவார்கள். அண்ணாந்து பார்த்தால், உயரமான கட்டடத்தின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்குகிற பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சுவரில் ஊன்றிக்கொண்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்.

வெறுங்கால். மற்றவர்கள் ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு ஏறுவார்கள். மேஸ்திரி இவருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அது பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. "ஷூ போட்டா என் காலுக்குக் கண்ணு தெரியாது" என்பார். அது வெறும் பேச்சில்லை. உள்ளங்காலைச் சுவரில் வைத்ததும் இங்கே பூச்சு விட்டிருக்கிறது, இங்கே ஈரம் ஊறி உள்ளே ஓதம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தட்டிப் பார்த்தால் அந்த இடம் பொக்கென்று சத்தம் போடும். ஏணியில் ஏறும்போதும் கீழே குனிந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. கால் தானாகப் படியைத் தேடிக்கொள்ளும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்தன்று அவர் காதுமடலில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அன்று காலைவரை வேலைக்குப் போயிருக்கிறார் மனிதர். மண்ணெண்ணெய் தொட்டு அதைத் துடைத்ததுதான் நான் அவருக்குச் செய்த முதல் பணிவிடை. அன்றிலிருந்து அவர் ஏறப்போகிற ஒவ்வொரு நாளும் கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். ஏற்றிவிட்டது நீதான், இறக்கிவிடுவதும் உன் பொறுப்பு என்று. அதற்குமேல் நான் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

சாப்பாட்டில் அவருக்கு மீன் என்றால் உயிர். முள்ளைக்கூட விடாமல் சப்பி, தட்டைக் கழுவ வேண்டாம் என்கிற மாதிரி வைத்துவிட்டு எழுந்திருப்பார். முட்டையும் பாலும் அப்படித்தான். அப்பேர்ப்பட்டவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டார்.

எங்கள் மகளுக்கு முதல் குழந்தை நாள் நிறையாமல் பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே, ஒரு சின்னத் துணிப்பொட்டலம்போலக் கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். இந்த நேரத்திலும் சுவர்ப்பூச்சைத்தான் பார்க்கிறாரா என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தையைக் கொடுத்துவிட்டால், உயிருள்ளதிலிருந்து வருகிற எதையும் இனி வாயில் வைக்கமாட்டேன் என்று. கறி, மீன், முட்டை, பால், தயிர், மோர் எல்லாம் அதில் அடங்கியது.

குழந்தை பிழைத்தது. அவளுக்குச் சிட்டு என்று செல்லப்பேர். இப்போது ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறாள், கோபம் வந்தால் கடிக்கிறாள். அவர் சொன்ன வார்த்தையை அன்றோடு பிடித்துக்கொண்டார். டீயில்கூடப் பால் இல்லை. நானும் அவருக்குக் குறை வைக்கக் கூடாதென்று பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, தினமும் ஒரு கீரை, கிடைக்கிற பழம் என்று மாற்றி மாற்றிச் செய்து போட்டேன். வருஷங்கள் போயின. ஆள் நன்றாகத்தான் இருந்தார்.

மகள் இரண்டாவதாக உண்டாகி வந்தபோது, சுகாதார நிலையத்தில் அவளுக்குச் சத்துணவைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தார்கள். கேட்டு வந்ததையெல்லாம் எங்கள் அடுப்படியில் அவள் திரும்ப நடத்தினாள். உடம்பும் கட்டட வேலை மாதிரிதானாம். பருப்பிலும் கடலையிலும் இருக்கிற புரதம் செங்கல். சோறும் ரொட்டியும் அன்றன்றைக்கு வேலை ஓட வேண்டிய தெம்பு. எண்ணெயும் நிலக்கடலையும் இருப்பு. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அது எள்ளிலும் இருக்கிறது, ஆனால் வெயில் பட்டால்தான் எலும்பில் சேரும். கேரட்டும் பூசணியும் கண்ணுக்கு. கீரையில் இரும்பு இருக்கிறது, அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ரத்தத்தில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராமல் போகும்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் வயித்துக்குள்ள ஒரு மேஸ்திரியே வேணும்போல இருக்கே" என்றார்.

சிரித்தோம். அந்த வகுப்பு பாலும் முட்டையும் சாப்பிடுகிறவர்களுக்காக நடந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையும் பிறந்து சில மாதம் ஆனபோதுதான் இவர் முகம் வெளுக்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாக்கு வழவழவென்று சிவந்துபோய், சூடாக எதை வாயில் வைத்தாலும் எரிகிறது என்றார். மகள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ரத்தம் இல்ல" என்றாள். கர்ப்பத்தில் அவளுக்குக் கொடுத்த ரத்தம் ஊறுகிற மாத்திரை அட்டை அட்டையாக மிச்சம் இருந்தது. இரும்பும் ஃபோலிக் என்கிற சத்தும் சேர்ந்த மாத்திரை. வீணாய்ப் போவதை அப்பா சாப்பிடட்டும் என்று எடுத்துக் கொடுத்தாள். எங்கள் வீடு மாதிரி வீடுகளில் மாத்திரையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

அந்த மாத்திரை வேலை செய்தது. முகத்தில் களை வந்தது. மூச்சு வாங்குவது நின்றது. ஒரு இலவச முகாமில் ரத்தம் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். வேண்டுதலும் கெடவில்லை, உடம்பும் தேறியது என்று நெஞ்சு குளிர்ந்தது.

அது கொஞ்ச நாளைக்குத்தான்.

ஒருநாள் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து காலைப் பார்த்து அவரே திகைத்துவிட்டார். தெரு முனைவரை போய்த் தேடி எடுத்து வந்தோம். அவருடன் வேலை செய்கிற ரேடியோ (ஓயாமல் பேசுவதால் அந்தப் பேர்) மறுநாள் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணிமேல அவ்வளவு நினைப்பா, செருப்புப் போனதுகூடத் தெரியாம ஓடி வந்திருக்கீங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அப்புறம் குளியலறையில் விழுந்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். தரை வழுக்கியது என்றார். நான் தரையைத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த வாரமும் விழுந்தார்.

மூன்றாவது ஒன்று இருந்தது. அதைத்தான் நாங்கள் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். சாயங்காலம் வீட்டில் சாமி படத்தின்முன் நின்று பிரார்த்தனை செய்வோம். கண்ணை மூடி நின்றதும் இவர் உடம்பு ஆடத் தொடங்கியது. காற்றில் நிற்கிற மூங்கில்போல முன்னும் பின்னும் அசைந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் அவ்வப்போது எங்களோடு வந்து நிற்பாள். "உன் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பக்தி பார்த்தியா, நின்ன இடத்துல உருகிப் போறார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கீரையும் பருப்பும் சாப்பிட்டு உடம்பு சுத்தமாகிவிட்டது, மனசும் அப்படி ஆகிவிட்டது என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன்.

ஒருநாள் பேத்தி என் சேலையை இழுத்தாள் என்று பிரார்த்தனைக்கு நடுவே கண்ணைத் திறந்தேன். இவர் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார். பார்வை சாமி படத்தில் இல்லை. தன் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

குழந்தையை அனுப்பிவிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை.

"பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். "கண்ணை மூடினா கால் எங்க இருக்குன்னே தெரியல."

"எத்தனை நாளா?"

"அது... மாத்திரை சாப்பிடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் மரமரன்னு இருந்துச்சு. சரியாயிடும்னு நெனச்சேன். சரியாகல, மேல ஏறுது."

"இதோட தினமும் கயித்துல தொங்கிட்டு வர்றீங்களா?"

"இப்ப மழைதானே. எங்க தொங்கறது" என்றார்.

அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. மழைக்காலம் என்பதால் வெளிச்சுவர் வேலை நின்றிருந்தது. மழை விட்டதும், எங்கள் பகுதியின் அந்தப் பக்கம் எழும்பியிருக்கிற உயரமான குடியிருப்பின் வெளிப்பக்கத்தில் ஏற வேண்டும். இவரை நம்பித்தான் மேஸ்திரி அந்த வேலையைப் பிடித்திருந்தார். அன்றிலிருந்து வானத்தைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. துணி காயவில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்க, இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் ஆண்டவனே என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், வாசலிலிருந்து திரும்ப அடுப்புக்குப் போவேன். கை ஒரு வேலையில் நிற்கவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரிதான், ஆனால் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார். உடனே ஆடினார். சாய்கிறவரைப் பிடிக்க டாக்டரம்மாவின் கை முன்கூட்டியே தயாராக நின்றது. பிறகு கவட்டை மாதிரி ஒரு இரும்புக் கருவியைத் தட்டினார். அது ங்ங்ங் என்று ரீங்காரம் போட்டது. அதன் அடியை இவர் கால் கட்டைவிரலில் வைத்து, அதிருதா என்று கேட்டார்.

"எது?" என்றார் இவர்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது அட்டையை எடுத்துக் காட்டினேன். என்ன சாப்பாடு என்று கேட்டபோது ஒன்றுவிடாமல் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாம் நல்ல சாப்பாடு. நீங்க ஒரு குறையும் வைக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் அதுல எங்கயும் கிடையாது" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை உட்காரவைத்து விளக்கினார்.

பி-பன்னிரண்டு என்று ஒரு வைட்டமின். கறி, மீன், முட்டை, பால், தயிரில் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் பழத்திலும் கிடையாது. மிகக் கொஞ்சம்தான் உடம்புக்கு வேண்டும், அதையும் ஈரல் பல வருஷத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கும். அதனால்தான் விட்ட உடனே ஒன்றும் தெரியவில்லை. ஒதுக்கினது தீர்ந்தபிறகு தெரிகிறது.

"அப்ப இந்த மாத்திரை கெட்டதா?" என்று கேட்டேன். மகள் முகம் எனக்குக் கண்முன் நின்றது.

"கெட்டது இல்லம்மா. ரத்தம் ஊற ஃபோலிக்கும் வேணும், பி-பன்னிரண்டும் வேணும். ஃபோலிக் நிறையப் போனதும் ரத்தம் மட்டும் எப்படியோ சமாளிச்சு எழுந்துடுச்சு. நரம்பு அப்படிச் சமாளிக்காது. ஒயர் மேல ரப்பர் இருக்கிற மாதிரி நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. அது பாட்டுக்குத் தேஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. முகத்தைப் பார்த்தா ஆள் நல்லா இருக்கார்."

இவர் மெதுவாகச் சொன்னார்: "ஓதம் இறங்கின சுவத்துமேல பெயிண்ட் அடிச்சிருக்கோம்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. தினமும் ஊசி போட ஆரம்பிக்க வேண்டும், பிறகு இடைவெளி விட்டுப் போடலாம் என்றார்.

இவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஊசி மருந்தை எந்த உயிரிலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான். வேண்டுதலைப் பற்றியும் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எந்த மிருகத்திலிருந்தும் இல்லை, பெரிய தொட்டிகளில் கிருமியை வளர்த்து அதிலிருந்து பிரித்தெடுப்பது என்றார்.

"கிருமிக்கும் உயிர் இருக்கே டாக்டரம்மா?"

"இருக்கு. காலையில பல் தேய்க்கிறப்ப எத்தனை கோடி கிருமி சாகுது, அதுங்ககிட்ட ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டீங்களா?"

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையை நீட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். டாக்டரம்மா வாசல்வரை வந்தார். யோசிக்கலாம், ஆனால் நரம்பு காத்திருக்காது, ரொம்பத் தேய்ந்தது திரும்பாமலே போகலாம், அதுவரை உயரத்தில் ஏறவே கூடாது என்று என்னிடம்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பால் வேண்டாம், முட்டை வேண்டாம், ஊசி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கொடுத்த வார்த்தையில் ஓட்டை தேடுகிற வேலை அது என்றார். பிடிவாதம் என்று நினைத்தேன். சிட்டுவுக்கு இருமலும் லேசான காய்ச்சலும் வந்த அன்றுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. அவளுடைய நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டுக்கலாமான்னு மனசால நெனச்சேன். நெனச்சதுக்கே இது. போட்டுக்கிட்டா?"

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அந்தப் பயம் எனக்கும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஆண்டவன் என்ன வட்டிக்காரனா, தவணை தப்பினா குழந்தையைத் தூக்கிட்டுப் போக? கொடுத்தவன் அவன். கொடுத்ததைச் சொல்லிக்காட்ற பழக்கம் மனுஷனுக்குத்தான்."

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. அதுவும் அவரை மாற்றவில்லை. பிழைத்தது வேண்டுதலால்தான் என்று இன்னும் உறுதியானார்.

மழை விட்டது.

காலையில் எழுந்தபோது வெயில் சுள்ளென்று ஜன்னலில் அடித்தது. இவர் எப்போதும்போலச் சட்டையை மாட்டிக்கொண்டார். சும்மா போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். பிரஷ் பையைத் தோளில் போடுகிறவர் தலையைக் காட்டவா போகிறார்? அவர் போன பிறகு வீட்டில் நிற்க முடியவில்லை. பாத்திரத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன். கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்து பார்த்துவிட்டு, மறுபடி ஓடினேன்.

கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம், மூடியிருந்த கடையின் நிழலில் நின்றேன். உச்சிக்குப் போய்க் கயிற்றில் இறங்குமுன், முதல் தளத்தின் வெளித்தட்டுக்கு ஏணியில் ஏறி அங்கே ஒரு கொக்கியைச் சரிபார்க்க வேண்டும். ரேடியோ கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

ஒவ்வொரு படிக்கும் குனிந்து காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் ஏறி நான் பார்த்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், மூடவும் பயமாக இருந்தது. பாதி உயரம் போயிருப்பார். யாரோ மேலே இருந்து கூப்பிட்டார்கள். இவர் தலையை உயர்த்திப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த காலை வைத்தார். பாதம் படியின் ஓரத்தில், பாதி காற்றில் நின்றது. அவருக்குத் தெரியவில்லை. ரேடியோ எட்டி அந்தக் காலைப் பிடித்துப் படியின் நடுவில் நகர்த்தி வைத்தான். இவர் மேலே பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்து இவர் கீழே பார்த்தார். ரேடியோவின் வாய் நின்றிருந்தது.

"என்னடா, ரேடியோவுல கரண்ட் போயிடுச்சா?"

"அண்ணே, இப்ப உங்க காலைப் பிடிச்சு எடுத்து வச்சேன்" என்றான் அவன். "உங்களுக்குத் தெரியலையா?"

நான் நின்ற இடத்துக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. பிறகு ரேடியோதான் சொன்னான், ஒரு வார்த்தையும் கூட்டாமல். நான் பார்த்தது இவ்வளவுதான்: இவர் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு இறங்கினார். ஒவ்வொரு படியாக, காலைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். கடைசிப் படியில் ரேடியோ தோளைக் கொடுத்தான், பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரியிடம் அவரே போய்ச் சொன்னார். மேஸ்திரி காது கூசுகிற மாதிரி கத்தினார். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, உன்னை நம்பித்தானே வேலையை எடுத்தேன், விழுந்து தொலைத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று. கத்தி முடித்தபிறகு, முதலில் காலைப் பார், உள்ளறைகளில் பட்டி பார்த்துச் சுவரைச் சமமாக்குகிற வேலை இருக்கிறது, முடிந்தபோது வா என்றார். கயிற்றில் தொங்க வேறொரு ஆளைத் தேடப் போய்விட்டார்.

இவர் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். நான் எப்படி அங்கே என்று கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரி திறந்திருக்குமா இப்ப?"

திறந்திருக்கும் என்றேன். நடந்தோம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெளியில் அப்படி நடக்கிறவரே இல்லை.

"நான் விழுந்தா எங்க விழுவேன்னு பார்த்தேன்" என்றார் போகிற வழியில். "நேரா அவன் தலையிலதான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டுக் குழந்தைக்காக அவங்க வீட்டுக் குழந்தையை எடுத்துக்கோன்னா நான் வேண்டிக்கிட்டேன்?"

அன்றே ஊசி போட்டார்கள். ஊசி ஏறும்போது அவர் உதடு அசைந்தது. வெளியே வந்து, கிருமிகளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாலும் மீனும் முட்டையும் இன்றும் தொடுவதில்லை. மகள் அழுதாள். மாத்திரை கொடுத்தது நான்தானே அப்பா என்றாள். நீ கொடுத்ததால்தான் மூச்சாவது வந்தது, இல்லாவிட்டால் டாக்டரம்மாவரை நடந்தே போயிருக்க மாட்டேன் என்று அவள் தலையைத் தடவினார்.

முதலில் நாக்கு ஆறியது. கால் சீக்கிரம் வரவில்லை. வந்தபோதும் நன்றாக வரவில்லை. எறும்பு ஊர்கிறது என்றார், பிறகு எரிகிறது என்றார், பிறகு ஊசியால் குத்துகிறது என்றார். உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். அந்த நடை சத்தம் கேட்டுக்கேட்டு எனக்குத் தலை வலிக்கும். ஆனால் எரிகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. செத்த கால் எரியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

உள்ளறை வேலைக்கும் போகத் தொடங்கினார். பட்டி பார்ப்பார், தேய்ப்பார், நடுநடுவே ஜன்னலுக்குப் போய், வெளியே தொங்குகிற புதிய ஆளின் காலைப் பார்ப்பார். அவன் சுவரை உதைக்கிற விதமே சரியில்லை என்று வீட்டுக்கு வந்து குறை சொல்வார். ஒவ்வொரு ஊசிக்கும் டாக்டரம்மாவிடம் எப்போது ஏறலாம் என்று கேட்பார். அவர் ரீங்காரக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார். வலது கால் அதிர்வதைச் சொல்லிவிடுகிறது. இடது காலில் விரல்கள் மட்டும் இன்னும் மௌனமாக இருக்கின்றன. அது வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அதை இவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வேலைவிட்டு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, இடது காலை நீட்டுவார். நான் கையில் கிடைத்ததை அவர் விரலடியில் வைக்க வேண்டும். என்னவென்று அவர் சொல்ல வேண்டும். அரிசி மாவு சலிக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும் என்று எனக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனாலும் உட்கார்வேன்.

நேற்று ஒரு சட்டைப் பொத்தானை வைத்தேன். விரலை அசைத்து அசைத்துப் பார்த்தார்.

"கடலை."

"இல்ல."

"சொல்லாத, சொல்லாத" என்றார். கழுத்து நரம்பு புடைக்க யோசித்தார். "வட்டமா இருக்கு. வட்டம்தானே?"

வட்டம்தான் என்றேன். பொத்தான் என்று நான் சொல்லவில்லை. அவர் மோட்டைப் பார்த்தபடியே காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"அதை எடுத்துட்டு வேற ஒண்ணு வை."